ராமு அண்ணாவின் பத்து நாள் தீட்டு

பத்திரிகையில் ஆறு ஆண்டுகள் மரண அறிவிப்புப் பக்கத்தைக் கவனித்தேன். அந்த ஆறு ஆண்டுகளில், இரண்டு முறை சரிபார்க்காமல் யாரையும் இறக்க விட்டதில்லை. சரிபார்க்காமல் நான் சாகடித்தது ஒரே ஒருவரைத்தான். அதுவும் பத்திரிகையில் அல்ல, தொலைபேசியில்.

இணைய ஏலம் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்த புதிது. (மோடம் கூவி முடித்து ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி குடித்து டம்ளரைக் கழுவியும் வைத்துவிடலாம்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்கு அடி நீளக் கண்ணாடி மீன் தொட்டி ஒன்று மூன்று தங்கமீன்களோடு ஏலத்துக்கு வந்தது. அதற்கு முன் எனக்கு மீன்கள்மேல் எந்த ஈடுபாடும் இருந்ததில்லை. சும்மா ஒரு தொகை கேட்டேன். யாரோ எனக்கு மேல் கேட்டார். நான் அவருக்கு மேல் கேட்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் மீனும் தொட்டியும் என் நினைவிலேயே இல்லை. அந்த ஆளைத் தோற்கடிப்பது மட்டுமே இருந்தது. தோற்கடித்தேன். சூடு ஆறுவதற்குள் விற்பவருக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன்: "நிச்சயம் எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்." கீழே என் பெயரும் வலியசாலை அக்ரகார முகவரியும்.

வெற்றிச் செய்தியை வீட்டில் அறிவித்தேன்.

"மீனா? நம்மாத்துலயா?" என்றாள் அம்மா.

"சாப்பிடறதுக்கு இல்லேம்மா. வளர்க்கறதுக்கு."

"வளர்த்தா அது வெண்டைக்காயா ஆயிடுமோ? தெருவிலே என்ன சொல்லுவா?"

என் மனைவி ஜயா தலையை நிமிர்த்தவில்லை. "ஏலம் எடுக்கறதுக்கு முன்னாடி ஆத்துலே ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று முருங்கைக்கீரையிடம் கேட்டாள்.

செய்ய வேண்டியது எளிது. விற்பவரைக் கூப்பிட்டு, "அவசரப்பட்டுவிட்டேன், வேண்டாம், மன்னியுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஆனால் பின்வாங்குகிறவர் பெயருக்கு எதிரே அந்த ஏலத் தளத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று விழும். அதைவிட, 'நிச்சயம்' என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆகவே பழி என்மேல் விழாதபடி, யாரும் மறுத்துப் பேச முடியாத ஒரு காரணம் வேண்டியிருந்தது. மறுநாள் காலை அது கிடைத்தது. உடனே விற்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏலத்தில் தொட்டி எடுத்தவன் என்றேன்.

"ஆறுமுகம் பிள்ளை பேசுதேன். சாமிதான் தொட்டியை எடுத்தவகளா? என் மவன்தான் கம்ப்யூட்டர்ல போட்டுவிட்டான். நமக்கு ஆரியசாலைதான் சாமி, பலசரக்கு மொத்தக்கடை. வலியசாலைக்குப் பத்து நிமிச நடை. எப்பக் கொண்டாரட்டும்?"

"அது வந்து... ஆத்துலே தீட்டு வந்துடுத்து. புதுசா எதையும் உள்ளே கொண்டுவரப்படாது."

"அடடா. யாரு சாமி?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவில்லை. "பெரியப்பா பிள்ளை. ராமு அண்ணா. அம்பாசமுத்திரம்."

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"என்ன செஞ்சுது?"

"ஹார்ட்." (பெயர், ஊர், வயது, காரணம். நான்கு வரி அறிவிப்புக்குத் தேவையான அத்தனையும் தானாக வந்துவிட்டன. தொழில் பழக்கம்.)

"சாவுத வயசா அது? பங்காளித் தீட்டுன்னா பத்து நாளுல்லா? சரி, பதினொண்ணாம் நாள் புண்ணியாகவாசனம் முடிஞ்சு தீட்டுக் கழிஞ்சதும் நானே கொண்டாறேன். மீனைப் பத்திக் கவலப்படாதீங்க. அதுவரைக்கும் பாத்துக்கிடுதேன்."

காலாவதித் தேதியோடு ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன் என்பது ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது.

அந்தப் பத்து நாளில் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மனிதர் அலுத்துப்போய் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. ஐந்தாம் நாள் என் மகளின் பிறந்தநாள் வந்தது. அம்மா அடைப்பிரதமன் பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். ராமு அண்ணாவின் ஞாபகமே வரவில்லை.

பதினொன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு குரல் கேட்டது. "சாரே, இது எவிட வெக்கணும்?" சுமைக்காரர்கள் இருவர் சாக்கு சுற்றிய தொட்டியோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார். பைக்குள் மூன்று மீன்கள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். அம்மா வெளியே போனாள்.

"மாமி, மனசைத் தேத்திக்கிடுங்க. அம்பாசமுத்திரத்துல எல்லாரும் எப்படி இருக்காக?"

"அம்பாசமுத்திரத்துலே நமக்கு யாரு இருக்கா?"

"ராமு அண்ணா வீட்டுல..."

"எந்த ராமு?" அம்மா திரும்பினாள். "ஏண்டா மணி, யாருடா ராமு?"

நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன். அது தலைகீழாக இருந்ததாக ஜயா இன்றும் சொல்கிறாள். (இல்லை. ஆனால் யாரும் நம்புவதில்லை.)

பிள்ளை என்னிடம் வந்தார். துக்கம் விசாரித்ததே என்னைச் சோதிக்கத்தான் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. "எனக்கு அஞ்சாம் நாளே சந்தேகந்தான் சாமி. உங்க வீட்டுச் சாமான் எல்லாம் நம்ம கடையிலதான் எடுக்காக. மூத்தவரு போயிருந்தா பத்தாம் நாள் தர்ப்பணத்துக்கு எள்ளு வேணும்லா? எள்ளுக்குச் சீட்டு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பிரதமனுக்கு அடையும் வெல்லமும்லா கேட்டு வந்துச்சு!"

எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய, பலசரக்குக் கடை கொடுத்த தினசரிக் காலண்டரில், முருகன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது அவருடைய பெயர்தான். பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் அதை ஒருநாளும் படித்ததில்லை. வலியசாலையின் எல்லாச் சாவுக்கும் எள் கொடுக்கிற மனிதரிடம் போய் ஒரு பொய்ச் சாவைச் சொல்லியிருக்கிறேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை போதுமே சாமி. ஒரு தொட்டிக்காக ஆளைக் கொல்லணுமா?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பல் டாக்டர் ஒருத்தரு ரெண்டு தடவை வந்து கேட்டாரு. சொல்லிட்டோமேன்னு அவரைத் திருப்பி அனுப்பிட்டேன். அவரு இப்ப வேற வாங்கிட்டாரு. நான் கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டு, நாளைக்கழிச்சு பாளையங்கோட்டைக்கு மவ வீட்டோட போறேன். பஸ்ல கொண்டுபோனா இதுக தாங்காது. அதான், தெரிஞ்சும் வந்தேன்." பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். மூன்று மீன்களும் வாயைத் திறந்து திறந்து மூடின. என்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கின்றன என்று தோன்றியது.

அம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்ன சாப்பிடும்?"

"வேகவச்ச பட்டாணின்னா உசிரு மாமி."

"உள்ளே கொண்டு வைக்கச் சொல்லுங்கோ. இவன் சொன்ன பொய்யைவிட மீன் சுத்தமாக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வா" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அண்ணா போயிருக்கானோல்லியோ."

குளித்துவிட்டு வந்தேன். கூடத்தில் தொட்டி உட்கார்ந்திருந்தது. மீன்களில் பெரியதற்கு அம்மா அதற்குள் பெயர் வைத்துவிட்டிருந்தாள்: ராமு. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பெயர்க்காரணம் கேட்காதவர் இல்லை, அம்மா சொல்லாமல் விட்டவரும் இல்லை.

இப்போது என் மகள் வாங்கிய சுடிதாரைத் திருப்பி அனுப்ப, திரையில் ஒரு தட்டு தட்டினால் போதும். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அதுவே ஒரு பட்டியல் நீட்டும்: அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது. ஜயா ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, "பங்காளித் தீட்டுன்னு ஒண்ணு போடலையா இதுலே?" என்பாள். மனம் மாறிவிட்டது என்ற அந்த இரண்டு சொற்களைச் சொல்லத்தான் அன்று எனக்கு ஒரு பெரியப்பா பிள்ளை தேவைப்பட்டார்.

தொட்டிக்குள் ராமு ஏழு வருஷம் இருந்தது. ஒரு காலை மிதந்தது. அம்மா பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனாள். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாளையங்கோட்டைக்குக் கூப்பிட்டேன்.

"பிள்ளைவாள், வலியசாலையிலேர்ந்து மணி பேசறேன். ராமு போயிடுத்து."

"இந்தத் தடவை நெசமாவா சாமி?"