இன்குபேட்டர் செய்யச் சிறந்த புத்தகம்

ஒரு காட்டில் செங்கமலம் என்று ஒரு காட்டுக்கோழி இருந்தாள். நல்ல குணம், நல்ல குரல். ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். பக்கத்துப் புதரில் யாராவது தும்மினால்கூட, யார் தும்மியது, எதற்குத் தும்மியது என்று நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தால்தான் அவளுக்குத் தீனி இறங்கும். இதனால் காட்டுக்குப் பொழுது போயிற்று. அவளுடைய முட்டைகள்தான் போயின. முதல் முறை அடைகாத்தவை அத்தனையும் கூமுட்டை. இரண்டாம் முறையும் அப்படியே.

மூன்றாம் முறை ஒன்பது முட்டையிட்டாள். இதுவும் போனால் தன்னை அம்மா என்று கூப்பிட ஒரு ஜீவனும் இருக்காதே என்று பயந்துபோனாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, உண்மையிலேயே பாவம். கட்டிய சேவலிடம் கொஞ்சம் மாற்றி உட்காரச் சொன்னாள். "நான் சூரியனைப் பாப்பேனா, முட்டையைப் பாப்பேனா?" என்று அவன் கிளையைவிட்டு இறங்கவில்லை.

அந்தக் காட்டுக்குக் கரண்ட் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்குபேட்டர் என்று ஒன்று உண்டு, ஒரு பெட்டி, ஒரு பல்பு, சூடு கூடினால் பல்பை அணைத்து, குறைந்தால் எரியவைக்க ஒரு சின்ன சர்க்யூட் போதும், முட்டை தானாகப் பொரியும், தாய் ஊர் சுற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். எலெக்ட்ரானிக்ஸைத் தானே கற்று அந்த சர்க்யூட்டைத் தானே கட்டுவது என்று செங்கமலம் முடிவெடுத்தாள்.

பழைய புத்தகக் கடை வைத்திருந்தது, உடம்பெல்லாம் செதிலாக எறும்பு தின்று வாழும் அழுங்கு அண்ணாச்சி. செங்கமலம் போனபோது வடிவு என்ற கௌதாரியும் அங்கே நின்றாள். அவளுக்கு ஏழு முட்டை, அதே யோசனை.

"அண்ணாச்சி, சர்க்யூட் கட்டக் கத்துக்கணும். நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க," என்றாள் செங்கமலம்.

"முன்னுரையைப் பாத்து ஏமாறாதம்மா. நடுப்பக்கத்தைத் திற. சர்க்யூட் படம் இருக்கா? அதுல ரெசிஸ்டருக்கு எத்தனை ஓம்னு போட்டிருக்கா? கட்டி முடிச்சு வேலை செய்யலைன்னா முதல்ல எங்க பாக்கணும்னு ஒரு வரியாவது இருக்கா? இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்க."

அண்ணாச்சி உண்மையைச் சொல்லி வியாபாரம் செய்பவர். அதனால் கடை எப்போதும் காற்று வாங்கும். அவர் சொன்ன மாதிரிப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒல்லியானது. அதைச் செங்கமலம் கையில் எடுக்கப் போன நேரம் பார்த்து வாசலில் யாரோ இருமினார்கள். யாரென்று பார்த்துவிட்டு வருவதற்குள் வடிவு புத்தகத்தோடு பறந்துவிட்டாள்.

மிச்சமிருந்ததெல்லாம் ஆயிரத்து நூறு பக்கத்தில் ஒரே தடிப் புத்தகத்தின் விலைபோகாத பிரதிகள். ரெசிஸ்டர் வந்த இடமெல்லாம் "ஆர் என்க" என்று மட்டும் இருந்தது. வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று அதில் எங்கும் இல்லை. எதையாவது செய்யச் சொன்னால்தானே!

"இது வேணாம்மா. இதைப் படிச்சவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு பல்பைக்கூட எரிய வச்சதில்ல."

"பரவால்ல, இருக்கிறதைக் குடுங்க அண்ணாச்சி."

காட்டெருமை ஒன்று அதைச் சுமந்து வந்து கூட்டருகே தொப்பென்று போட்டுவிட்டுப் போயிற்று. அதற்குமேல் அதை நகர்த்த முடியவில்லை. கூட்டில் முட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் எழுத்து கண்ணுக்கு எட்டியது. செங்கமலம் உட்கார்ந்தாள்.

முதல் அத்தியாயம் மின்னலைப் பற்றி. இரண்டாவது அணுவைப் பற்றி. மூன்றாவது, "மேலே தெளிவாகக் கண்டோம்" என்று தொடங்கியது. அவள் எதையும் தெளிவாகக் காணாததால் திரும்ப முதலிலிருந்து வந்தாள். ஒரு பக்கத்தில் "மாணவர் தாமே நிறுவுக" என்றிருந்தது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்துப் புதரில் யாரோ தும்ம, தலையைத் திருப்பினாள். படித்த வரி தொலைந்து, பக்கத்தை மறுபடி மேலிருந்து படிக்க நேர்ந்தது. அதன்பின் யார் தும்மினாலும் அவள் திரும்பவில்லை. ஒரு வாய் தண்ணீர், நாலு கொத்து இரை, உடனே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

வடிவு நாலே நாளில் சர்க்யூட்டைக் கட்டிவிட்டாள். பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பெருமை தாங்காமல் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் காடைகளுக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்தினாள். பதினோராம் நாள், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. புத்தகத்தின்மேல் குற்றமில்லை. "வேலை செய்யாவிட்டால் முதலில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கவும்" என்று அது தெளிவாகச் சொல்லியிருந்தது. பார்க்க அவள்தான் அங்கே இல்லை. ஏழும் போயின. இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

இருபத்தோராம் நாள் செங்கமலம் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில், "இனி டிரான்சிஸ்டரைக் காண்போம்" என்ற வரிக்கு வந்திருந்தாள். அடியில் சுருக்கென்று குத்தியது.

"ஐயோ, ஷாக் அடிக்குது!" என்று துள்ளி எழுந்தாள்.

ஓட்டு விரிசலுக்குள்ளிருந்து ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் எட்டுக் குஞ்சுகள். ஒன்று மட்டும் கூமுட்டை. எட்டும் அம்மா அம்மா என்று கத்த, செங்கமலம் அழுதேவிட்டாள். சேவல் கிளையிலிருந்து இறங்கிவந்து, "எங்க வீட்ல படிப்பு ஜாஸ்தி," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னான்.

அவள் நன்றி மறக்காதவள். அண்ணாச்சி கடைக் கதவில் எழுதி ஒட்டினாள்: "இன்குபேட்டர் செய்ய இதைவிடச் சிறந்த புத்தகம் கிடையாது. பாதிகூடப் படிக்க வேண்டாம், குஞ்சு பொரிந்துவிடும். ஐந்து நட்சத்திரம்."

அடுத்த பருவத்தில் தடிப் புத்தகத்துக்கு ஆற்றங்கரை வரை வரிசை. முதல் ஆளாக வடிவு நின்றாள். "அது புத்தகத்தால இல்லம்மா..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். வரிசை முறைத்தது. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் குயில் வந்தது.

"உனக்கும் அதே புத்தகந்தானா?"

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி? காக்கா அக்கா வாங்கிட்டாங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

"நேத்தே வாங்கிட்டாளே."

"எத்தனாவது பக்கத்துல இருக்காங்க?"

"இன்னும் முன்னுரையையே தாண்டல."

"நல்லாப் படிக்கட்டும்," என்று மனதார வாழ்த்திவிட்டு, குயில் காக்கையின் மரத்தைப் பார்த்துப் பறந்தது.

நீதி: நல்ல புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.