பழைய மூக்கு திரும்ப வேண்டி

கோவில்பட்டி,
ஆவணி 9.

அன்புள்ள மாப்பிள்ளை பரமசிவனுக்கு,

அத்தான் குருசாமி எழுதுவது. இங்கே உன் அக்காள் தங்கமாரி, மகள் விஜி, கடை, கடையில் கிடக்கும் மிளகாய் வத்தல் மூடைகள் எல்லாம் சுகம். என் மூக்கு ஒன்றுதான் சுகமில்லை. அங்கே கோயம்புத்தூரில் உன் வீட்டார் சுகத்தையும், குறிப்பாக நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன அந்த டாக்டரின் சுகத்தையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ சிரிப்பாய். கடிதத்தில் சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான்: மூக்கை மறுபடியும் ஆபரேஷன் செய்யப் போகிறேன்! மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்து நாளும் வாங்கிவிட்டேன்! விலாப் பக்கமிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து வைத்தால் பழையபடி தூக்கி நிறுத்திவிடலாம் என்கிறார். முதல் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டுமாம். எனக்கு இந்த ஆடியோடு ஆகிவிட்டது. சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

போன வருஷம் தரகர் சுடலைக்கண்ணு விஜி போட்டோவைப் பார்த்துவிட்டு, "பிள்ள லட்சணந்தான் அண்ணாச்சி. மூக்குதான் ஒங்களக் கொண்டு கொஞ்சம் ஓங்கிப்போச்சு" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மகளைப் பார்த்து மூக்கைக் குறை என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? என் மூக்கைக் குறைத்துவிட்டால் 'ஒங்களக் கொண்டு' என்று அப்பனோடு ஒப்பிடும் பேச்சே எழாது என்று நானாக யோசித்தேன். நீயும் "அத்தான், பத்து வயசு குறையும்" என்று ஏற்றிவிட்டாய். வயசு அப்படியே இருக்கிறது மாப்பிள்ளை, மூக்குதான் குறைந்தது. அதுவும் நுனி வானம் பார்த்து நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நேராக உள்ளே போகும். நல்லவேளை, நம் ஊரில் மழை பெய்வதில்லை. மூக்குக்கண்ணாடி நிற்க இடமில்லாமல் வழுக்கி வத்தல் குவியலில் விழுகிறது, எடுத்துத் துடைத்து மாட்டினால் கண் எரிந்து தண்ணீராய்க் கொட்டுகிறது, கடைக்கு வருகிறவர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். இருபது வருஷமாக நம்மிடம் வத்தல் போடும் நாகலாபுரம் வேல்சாமி எதிரில் உட்கார்ந்து காப்பியும் குடித்துவிட்டு, "அண்ணாச்சி எப்ப வருவாவ?" என்று என்னிடமே கேட்கிறார்.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் கடம்பூரிலிருந்து விஜியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஹரிஹரசுதன் தங்கமான பிள்ளை, விஜிக்கும் பிடித்துவிட்டது. பையனின் அம்மா முத்துமாரியம்மாள் போளியும் கையுமாக வந்து உட்கார்ந்து விஜியைப் பார்த்தார், தங்கமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் விஜியைப் பார்த்தார். "பிள்ள யாரு சாடை? அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்லியே. பொம்பளப் பிள்ள அப்பன் சாடையா இருந்தாத்தான யோகம்? யோசிச்சுச் சொல்லுதோம்" என்று எழுந்துவிட்டார். எனக்கு எப்படி இருக்கும், சொல்லு! உலகத்திலேயே அப்பன் சாடையில் அச்சடித்த பிள்ளை அவள். அத்தாட்சியை நானே அல்லவா வெட்டிப்போட்டேன்!

அவர்கள் போனதும் விஜியிடம், "ஒனக்காகத்தாம்மா செஞ்சேன்" என்றேன். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தாள் போல. "எம் மூஞ்சில இருக்கதும் அதே மூக்குதானப்பா? அத அசிங்கம்னு நெனச்சுத்தான வெட்டிட்டு வந்தீய?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. கல்யாணம் தட்டிப்போனால்கூட இன்னொரு இடம் பார்க்கலாம். இந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை மாப்பிள்ளை.

அதனால்தான் பழைய மூக்கே வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்! டாக்டருக்குப் பக்கவாட்டு போட்டோ வேண்டுமாம். நம் வீட்டுப் போட்டோவில் எல்லாம் நேராக முறைத்துக்கொண்டு நிற்கிறேன். உன் கல்யாண ஆல்பத்தில் நான் சமையல்காரரைத் திட்டுகிற போட்டோ ஒன்று உண்டு, அதில் மூக்கு முழுசாக விழுந்திருக்கும். உடனே அனுப்பு. நீயும் கிளம்பி வா.

கழுகுமலை முருகன் உன் குடும்பத்தை என்றைக்கும் மூக்கும் முழியுமாக வைத்திருக்கட்டும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தான் குருசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கடம்பூரிலிருந்து போன்! முத்துமாரியம்மாள் நம் மார்க்கெட்டுக்கு வந்தவர், வாசலில் வியாபாரிகள் சங்கம் மூன்று வருஷத்துக்கு முன் கட்டிய பிளக்ஸில் என் பழைய மூக்கைப் பார்த்துவிட்டாராம். "பிள்ள அச்சு அசல் அப்பனேதான! எப்பப் பூ வைக்க வரட்டும்?" என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த விஜி சிரித்துவிட்டாள். "இனிமே எங்கயும் கத்தி வைக்க விடாதீயப்பா, இந்த மூக்கும் பழகிப்போச்சு" என்றாள். ஆகவே எனக்கு ஆபரேஷன் இல்லை. மதுரை டாக்டர் கொடுத்த நாளை மட்டும் ரத்து செய்யவில்லை. பெண் பார்க்கக் கூட வந்து என்னைப் பார்த்ததிலிருந்து சம்பந்திக்கும், அதுதான் பையனின் அப்பாவுக்கும், மூக்கைக் குறைக்க ஆசையாம். பையன் அம்மா சாடை என்பதால் அவர் வீட்டில் தடையில்லையாம். நீ போட்டோவை எப்படியும் அனுப்பு. பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டுமாம் விஜிக்கு. மாலை மட்டும் போட்டுவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.