மாப்பிள்ளை அனுப்பிய வளையச் சக்கரம்

786

பாலக்கரை, திருச்சி
20-5-1984

தம்மாமில் இருக்கும் தங்கை கணவர், அன்பு மாப்பிள்ளை நசுருதீன் அவர்களுக்கு, மைத்துனன் ஜெகபர் சாதிக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், என் வீட்டார் ரோஷன் பேகமும், உங்கள் மனைவி நஜீமாவும், பிள்ளைகளும் சுகம். தாங்களும் அவ்வாறே இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். சுகமில்லாதது நம் ஜீப் மட்டும்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் கப்பலில் அனுப்பிய மரப்பெட்டி மெட்ராஸ் துறைமுகம் வழியாக வந்து சேர்ந்தது. அதை வாசலில் இறக்கியபோது தெருவே கூடிவிட்டது. சவுதியிலிருந்து பெட்டி வந்தால் உள்ளே டேப் ரெக்கார்டர், சென்ட், மினுமினுக்கும் சேலை என்று எல்லோருக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறதல்லவா? நாலு ஆள் சேர்ந்து இறக்கியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மா பிரிட்ஜ்தான் என்று முடிவே கட்டிவிட்டார். பலகையைப் பெயர்த்தால் நான்கு இரும்புச் சக்கரம், நான்கு இரும்பு வளையம், ஒரு மூட்டை போல்ட், அதை முடுக்க ஒரு சாவி. கூட்டம் கலைந்த வேகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியாக நஜீமா வந்து எட்டிப் பார்த்தாள். "மூணு வருஷமா பெருநாளைக்கு வரேன், பெருநாளைக்கு வரேன்னு எழுதுறாங்க. முதல்ல மிக்ஸி வந்துச்சு. அப்புறம் கடிகாரம் வந்துச்சு. இப்ப சக்கரம் வந்திருக்கு. அவங்க எந்தப் பெட்டியிலண்ணே வருவாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனாலும் தாங்கள் வீட்டு மாப்பிள்ளை, அனுப்பியதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று பெட்டியோடு இருந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

நஜீமாவுக்கு இதுவரை தாங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களையும் சேர்த்தாலும் அந்தக் கடிதத்தின் நீளம் வராது. பாலைவன மணலில் டயரில் காற்றைக் குறைத்தால்தான் வண்டி புதையாது. காற்று ரொம்பக் குறைந்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். விளிம்பின் மேல் இந்த வளையத்தை வைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் டயர் எங்கேயும் போகாது. கம்பெனியில் இருந்த அமெரிக்க எஞ்சினியர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன சாமானாம். "நம்ம காவிரியிலயும் மணல்தானே மச்சான், மாட்டி வையுங்க, நான் வந்து ஓட்டுறேன்" என்று முடித்திருந்தீர்கள். காவிரியில் மணல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஜீப்புக்குக் காவிரியில் என்ன வேலை என்பது தங்களுக்கு மறந்துவிட்டது. முசிறிப் படுகையில் வாழைத்தாரை வெட்டி டிரெய்லரில் அடுக்கி, கூப்பிடு தூரம் மணலில் வந்து ரோட்டில் ஏறினால், அப்புறம் காந்தி மார்க்கெட் வரைக்கும் தார் ரோடுதான். அந்தக் கூப்பிடு தூரத்துக்கு அமெரிக்காக்காரன் மூளை தேவைப்படும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

போகட்டும். நம் டிரைவர் கிளமென்ட் பழைய ரிம்மிலிருந்து டயர்களைக் கழற்றித் தாங்கள் அனுப்பியதில் மாட்டினான். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவன் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து வரிசையாக முடுக்கிக்கொண்டே போனான். வளையம் ஒரு பக்கம் உட்கார்ந்து, மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முடுக்கினான். வண்டியை ரோட்டில் எடுத்தால் குளிர் ஜுரம் கண்டதுபோல ஒரே நடுக்கம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் காபி டம்ளரைப் பிடித்தபோதும் கை ஆடியதாகவும், குடித்துவிட்டு வந்திருப்பதாக மனைவி சண்டை போட்டதாகவும் மறுநாள் வந்து என்னிடம் அழுதான்.

மணலில் இறக்கிப் பார்க்காமல் குறை சொல்லக்கூடாது என்று, ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடத்தில் இறக்கினோம். காற்றைப் பாதிக்கு மேல் பிடுங்கிவிட்டோம். உள்ளதைச் சொல்லவேண்டும், வண்டி அட்டகாசமாகப் போயிற்று. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைப் பக்கம் வரை ஒரு இடத்திலும் புதையவில்லை, டயரும் அசையவில்லை. எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. ஓடையாகக் கிடந்த தண்ணீரில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்ற ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர், "பேஷ், ரதம் மாதிரின்னா போறது! அக்கரையில என்ன காரியமோ?" என்று கேட்டார். அக்கரையில் எனக்கு ஒரு காரியமும் இல்லை. "சும்மாதாங்க" என்றேன். "சும்மா போறதுக்கா இத்தனை இரும்பு?" என்று கேட்டுவிட்டு, "ரங்கா, ரங்கா" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார்.

திரும்பும்போதுதான் பிடுங்கிய காற்றை எப்படித் திரும்ப அடைப்பது என்ற யோசனை வந்தது. அத்தனை நீளக் கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அங்கே வண்டிக்கு வண்டி கம்ப்ரஸர் வைத்திருப்பீர்கள். எங்களிடம் கிளமென்டின் வாய் மட்டும்தான் இருந்தது. சப்பை டயரோடு ஸ்ரீரங்கத்துக்குள் வந்து, காவிரிப் பாலத்தில் ஏறி, பெட்ரோல் பங்க்கைத் தேடி ஊர்ந்தோம். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. மாடுகூடத் திரும்பிப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்புறம் முசிறிக்கு லோடு எடுக்கப் போனோம். வாழைத்தார் ஏற்றிய வண்டியில் காற்றை அந்த அளவுக்குக் குறைக்கவே முடியாது, டயர் தாங்காது. காற்றைக் குறைக்காவிட்டால் வளையத்துக்கு வேலையே இல்லை. கிளமென்ட் தலையைச் சொறிந்துகொண்டு, "பழைய ரிம்முலயே லேசா காத்தைக் குறைச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமா வர்றோம் முதலாளி. ஒரு தடவைகூட டயர் கழண்டதில்லையே" என்றான். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கத்தினேன். "மாப்பிள்ளை அனுப்புனதாச்சே, நான் எப்படிங்க குறை சொல்றது?" என்றான். அதுவும் நியாயம்தான். அவனை விட வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

அந்த லோடோடு வரும்போதே இடது பக்கப் பின் சக்கரம் பஞ்சர், ஸ்டெப்னியும் கிடையாது. மெதுவாக உருட்டிக்கொண்டு பாலக்கரைக்கு வந்து பஞ்சர் கடை ரங்கசாமியிடம் நிறுத்தினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "என்ன பாய், இது பஞ்சர் ஒட்டுற சக்கரமா, பேங்க் லாக்கரா? இதைத் தொறந்து மூடுறதுக்குள்ள நாலு லாரிக்கு ஒட்டிருவேன். வேற கடை பாருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டான். வேறு கடைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். தார்கள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் வெந்துவிட்டன. தோட்டக்காரர் அடுத்த வெட்டுக்கு லாரியைச் சொல்லிவிட்டார். இந்த ஜீப் ஓடினால்தான் இரண்டு குடும்பத்துக்கும் உலை கொதிக்கும் என்பது தங்களுக்கு நினைவிருக்கிறதா?

ஆகவே மாப்பிள்ளை, சக்கரம் எப்படி இருக்கிறது என்று தாங்கள் கேட்டிருந்த கேள்விக்குப் பதில்: எட்டாள் உயர மணல் மேட்டில் ஏறி இறங்கி விளையாடுகிறவனுக்கு இந்தச் சக்கரம் அருமையான சாமான். வாழைத்தார் ஏற்றுகிறவனுக்கு இது வெறும் கனம். நாளைக் காலையில் நான்கையும் பிரித்து, டயர்களைப் பழைய ரிம்மில் மாட்டி, தங்கள் வளையங்களைப் பரணில் ஏற்றப் போகிறேன். இது என் முடிவான முடிவு. இனிமேல் அச்சு, கியர் பெட்டி என்று எதையும் அனுப்பவேண்டாம். தம்மாமில் உட்கார்ந்துகொண்டு திருச்சியில் ஜீப் ஓட்ட முடியாது, குடும்பமும் நடத்த முடியாது. கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனாலும் எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

ரமலான் நெருங்குகிறது. வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பிள்ளைகள் தங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள். நஜீமாவிடம் ஏதாவது எழுதவேண்டுமா என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல யோசனையையும் தருவானாக.

வஸ்ஸலாம்,
ஜெகபர் சாதிக்

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை சக்கரத்தைப் பிரிக்க உட்கார்ந்தால் போல்ட் சாவியைக் காணோம். அந்தப் போல்ட்டின் தலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு குழி இருக்கிறதே, அதற்குப் பொருந்துவது பெட்டியோடு தாங்கள் அனுப்பிய அந்த ஒரு சாவிதான். பஞ்சரானது உட்பட டயர் நான்கும் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினோம். நஜீமா மட்டும் தேடவில்லை. கேட்டதற்கு, "மீரான்கிட்ட குடுத்து விட்டுட்டேண்ணே. அவங்களுக்கு ஊறுகா டின் கட்டுனேன்ல, அதுக்குள்ள வச்சிருக்கேன்" என்றாள். தங்களோடு தம்மாமில் வேலை பார்க்கும் அதே மீரான்தான். லீவு முடிந்து நேற்றே ரயிலேறிவிட்டான். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்றேன். "வண்டி ஓடணும்னா அவங்களே சாவியை எடுத்துக்கிட்டு வந்து கழட்டட்டும். சாவியை மட்டும் யார்கிட்டயாவது குடுத்து விட்டாங்கன்னா, கொண்டு போய்க் காவிரியில போட்டுருவேன்" என்றாள். எனவே மேலே நான் முடிவான முடிவு என்று எழுதியது செல்லாது. சக்கரங்கள் ஜீப்பிலேயே இருக்கும், ஜீப் வாசலிலேயே இருக்கும். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் சொன்னால் அந்த மாதிரி சாவியைச் சாயங்காலத்துக்குள் செய்து கொடுத்துவிடுவார்கள். கிளமென்ட் அதை நஜீமா முன்னால் சொல்ல வாயெடுத்தான். அவன் காலை மிதித்துவிட்டேன்.