கதை கேட்காமல் இரத்தம் பார்க்காத மனிதர்

இரத்தத்தைப் பார்த்து நோயைச் சொல்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். நோயாளியின் கதையைக் கேட்காமல் ஒரு சொட்டு இரத்தத்தைக்கூட இயந்திரத்துக்குள் விடாத மனிதர், நான் அறிய, ஒருவர்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வரவுக் கையெழுத்துப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. நான் டொக்டராகி முதன்முதலில் வேலை பார்த்த வன்னி ஆஸ்பத்திரியில் அவர் எல்லோருக்கும் 'கதை அண்ணை'.

ஆய்வுகூடத்தில் அவர்தான் மூத்தவர். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் எந்நேரமும் தொலைபேசி. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தில் பெயர், வயது, வார்ட் எல்லாம் எழுதி முடிந்த பிறகு 'நோயாளியின் விபரம்' என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டை வெறுமையாக விடுவது டொக்டர்மாரின் பிறப்புரிமை என்று நாங்கள் நினைத்திருந்தோம். கதை அண்ணை அப்படி நினைக்கவில்லை. கோடு வெறுமையாக வந்தால் உடனே வார்டுக்குத் தொலைபேசி அடிப்பார்.

"டொக்டர் பிள்ளை, பதினோராம் கட்டில் ஐயாவுக்கு என்ன?"

"விழுந்திட்டார் அண்ணை."

"எங்கையிருந்து?"

"தென்னை மரத்தாலை."

"அவருக்கு என்னத்துக்குத் தைரொயிட் பாக்கிறியள்? மரத்திலை ஏறேக்கை இருந்ததோ, விழேக்கை வந்ததோ?"

என்னோடு வேலை செய்த ஒரு டொக்டர், தொலைபேசி மணி கேட்டவுடன் கழிவறைக்குள் புகுந்துவிடுவார். கதை அண்ணை அசையமாட்டார். "ஆறுதலா வரட்டும் மிஸ், நான் லைனிலை நிக்கிறன்" என்று தாதியிடம் சொல்லிவிட்டு உண்மையாகவே நிற்பார். ஒருமுறை அரை மணித்தியாலம் நின்றார். உள்ளே இருந்தவருக்குக் கால் விறைத்துப்போனது.

அந்த நேரம் புதிதாக ஒரு நோயியல் நிபுணர் வந்திருந்தார். நாங்கள் 'மெடம்' என்போம். ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரேயொரு இயந்திரம். நாங்களோ கண்டதற்கெல்லாம் பரிசோதனை எழுதி, எல்லாவற்றின் தலையிலும் 'அவசரம்' என்று போட்டு அனுப்புவோம். உயிருக்குப் போராடுகிறவரின் இரத்தமும் அந்தக் குவியலுக்குள் வரிசையில் கிடக்கும். மெடம் மூன்று சுற்றறிக்கைகள் எழுதினார். முதலாவது அறிவித்தல் பலகைக்குப் போனது. இரண்டாவது அதை மறைத்துக்கொண்டு அதற்கு மேலே போனது. மூன்றாவதால் என் தேநீர்க் கோப்பையை இலையான் மொய்க்காமல் மூடி வைத்திருந்ததை அவரே வந்து கண்டார்.

கதை அண்ணைதான் அவரைத் தேற்றினார். "கடுதாசியை விடுங்கோ மெடம். ஏன் எழுதுகினம் எண்டு அவையளிட்டையே கேப்பம்."

முதலில் அகப்பட்டது நான். புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது பரிசோதனைகள் எழுதுவேன்.

"ஏன் பிள்ளை ஒம்பது?"

"சேர் கேப்பார் அண்ணை."

அடுத்த நாள் காலை சேர், அதாவது எங்கள் வைத்திய நிபுணர், வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பின்னால் நாங்கள் வரிசையாக நடந்தோம். எங்களுக்கும் பின்னால் மெடத்தோடு கதை அண்ணை, கக்கத்தில் படிவக் கட்டு.

"சேர், ஒரு சின்னக் கதை. இந்த ஒம்பதையும் நீங்கள் கேக்கிறனீங்களோ?"

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "நானோ? நான் ஒருநாளும் கேக்கேல்லையே. லாபிலை இதுதான் வழக்கமெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

விசாரித்துப் பார்த்தால், அந்த ஒன்பதையும் கேட்டவர் எப்போதோ மாற்றலாகிப் போன ஒரு சேர். 'சேர் கேப்பார்' என்று ஒரு டொக்டர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, சேர்மார் மாறினார்களே தவிர ஒன்பது மாறவில்லை. மெடம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோயாளிகளும் சிரித்தார்கள். இரண்டு போதும் என்றார் சேர்; அன்றோடு ஒன்பது இரண்டானது. எனக்குக் காது சூடேறி, கதை அண்ணையின் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

பழிவாங்க எனக்கு ஒரு மழைக்காலம் கிடைத்தது. வார்ட் முழுக்க டெங்கு. ஒட்டுசுட்டானிலிருந்து வயல் செய்யும் ஒரு கமக்காரர் காய்ச்சலோடு வந்தார். இவரும் டெங்குதான் என்று முடிவுகட்டி, இரத்த அணுக்களும் ஈரலும் பார்க்க எழுதினேன். பிறகு அந்தக் கோடு கண்ணில் பட்டது. உமக்குக் கதைதானே வேண்டும், இந்தாரும் என்று, நோயாளி சொன்னதையெல்லாம் தமிழிலேயே படிவத்தின் பின்பக்கம் வரை எழுதித் தள்ளினேன்.

'இரண்டு எருமைகள். பெரியது நொண்டுகிறது. யானைக் காவலுக்கு வயல் வெள்ளத்துக்குள் நிற்பவர். காலில் வெடிப்புப் புண். மனைவி வைக்கும் சொதியில் உப்பில்லையாம். நேற்றிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லையாம். கதை போதுமா?'

கால் மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது. சண்டைக்குத் தயாராக எடுத்தேன்.

"பிள்ளை, நல்ல கதை. எழுதினதை நீங்கள் ஒருக்கால் வாசிச்சனீங்களோ?"

"ஏன் அண்ணை?"

"வெள்ளத்துக்கை நிக்கிறவர். காலிலை புண். சலம் போகேல்லை. எலிக்காய்ச்சலாயிருந்தால்? சிறுநீரகத்துக்கு நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. ஈரலுக்கு அனுப்பின இரத்தத்திலையே பாக்கட்டோ? மெடமும் பக்கத்திலை நிக்கிறா."

"பாருங்கோ அண்ணை. கெதியாப் பாருங்கோ."

ஒன்பது இரண்டாகியிருந்ததால் இயந்திரத்தின் முன் வரிசை இருக்கவில்லை. சிறுநீரகம் கைவிட்டுக்கொண்டிருந்தது. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறியிருந்தது. சேர் ஓடி வந்தார். மருந்து ஏற்றி, மத்தியானத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் புறப்பட்டது. ஏறும்போது அவருடைய மனைவி என் கையைப் பிடித்தார். "தப்புவாரோ, டொக்டரம்மா?" அந்தக் கிழமை முழுக்க நான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி அடித்து விசாரித்துக்கொண்டிருந்தேன்.

தப்பினார். சில கிழமைகள் கழித்து கிளினிக்குக்கு நடந்தே வந்தார். கதை அண்ணை லாபிலிருந்து வெளியே வந்து அவரிடம் முதலில் கேட்டது இதுதான்:

"எருமையள் சுகமோ? பெரிசின்ரை கால் இப்ப எப்பிடி?"

கமக்காரர் திகைத்துப்போய்த் தன் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்தார். "ஐயா, இரத்தத்திலை எருமையும் தெரியுமோ?"

"தெரியாது. டொக்டர் பிள்ளை வடிவா எழுதி விட்டவ."

நான் கோபத்தில்தான் அதை எழுதினேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

கதை அண்ணை இப்போது ஓய்வுபெற்றுப் பளையில் தென்னை வைத்திருக்கிறார். நான் வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். போன மாதம் எனக்கே காய்ச்சல். இரத்தம் எடுக்க வந்த இளம் டொக்டர் படிவத்தில் கோட்டை வெறுமையாக விட்டிருந்தார். பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'மூன்று நாள் காய்ச்சல். ஓமந்தையில் கலியாண வீட்டுக்குப் போய் மழையில் நனைந்தவர். பிடிவாதக்காரி.'

அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அது அடிக்கவில்லை. என் கதையைக் கேட்க ஒருமுறையாவது அடித்திருக்கலாம்.