பன்னிரண்டு குடம்

மருதங்கோட்டு நாட்டின் தலைநகரம் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போனது. கிணறுகள் மட்டும் அதே இருபத்தொன்று. ஆகவே அதிபர் பெரிய மனது பண்ணி, குன்றத்து ஏரியிலிருந்து நகருக்கு முதன்முதலாகக் குழாய் போட்டார். மாலை என்ன, மேளம் என்ன! தெருவுக்கொரு பித்தளைக் குழாய் முளைத்தது.

மறுநாளே முதல் ஆணை வந்தது. குழாய் வந்த பிறகும் கிணற்றில் இறைப்பது அரசை நம்பாத குற்றமாம். இருபத்தொரு கிணறுகளையும் பலகைக்கல் போட்டு மூடினார்கள். அடுத்த ஆணைப்படி, நாட்டின் வளம் வெளிநாட்டு விருந்தாளிகள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, ஏரித் தண்ணீர் முதலில் அதிபர் மாளிகையின் நீரூற்றுக்குப் போனது. மிச்சம் தெருக்களுக்கு. மிச்சம் இருந்தால்தானே!

மக்கள் முணுமுணுத்தார்கள். இரக்கமுள்ள அரசல்லவா, மூன்றாவது ஆணை பிறந்தது. சாவு விழுந்த வீட்டுக்கு, பிணத்தைக் குளிப்பாட்ட, பன்னிரண்டு குடம் தண்ணீர் வண்டியில் வீடு தேடி வரும்.

கல்லுடைப்பார் தெருவில் மாரப்பனுக்கும் அவன் மனைவி செம்பாயிக்கும் ஒரே மகள், ஆறு வயது பூவாத்தாள். அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை விடாமல் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் வைத்தியர். செம்பாயி நீரமைச்சரிடம் ஓடினாள்.

"சாமி, புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்குதுங்க. ஒரே ஒரு கொடம் குடுங்க."

"வீட்டில் யாரேனும் காலமாகியிருக்கிறார்களா?"

"அய்யோ, இல்லீங்க!"

"மிக்க மகிழ்ச்சி. அப்படியானால் தண்ணீர் பெறும் தகுதியைத் தாங்கள் இன்னும் அடையவில்லை."

இதைக் கேட்ட மாரப்பன் நடுவீட்டில் காலை நீட்டிப் படுத்து, "என் பேரை எழுதிக் குடுத்துரு" என்றான். தெருப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். வண்டி வந்தது. பூவாத்தாள் குடித்தாள், இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். அதைப் பார்த்துத் தெருவே வீட்டுக்கு ஒருவராகச் சாகத் தொடங்கியது.

கோடையில் நோய் திரும்பியது. இம்முறை செம்பாயி செத்தாள். அந்தத் தண்ணீரும் தீர்ந்தபோது, தெருவில் பெரியவர்களின் பெயர்களெல்லாம் தீர்ந்திருந்தன. அந்த வீட்டில் எழுதாத பெயர் ஒன்றுதான் மிச்சம்.

"எழுதிப்போடலாம் புள்ள. வெறும் பேருதான?" என்றான் மாரப்பன்.

"அவ பேரைச் செத்தவங்க புஸ்தகத்துல எழுத விடமாட்டேன். எழுதுனா நெசமாயிரும்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் செம்பாயி.

மூன்று நாள் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலையில் பூவாத்தாள் இறந்துபோனாள். மாரப்பன் போய், முதன்முறையாக உண்மையை எழுதிவிட்டு வந்தான். பன்னிரண்டு குடமும் தளும்பத் தளும்ப வந்து இறங்கின. அந்தத் தண்ணீரில்தான் செம்பாயி மகளைக் குளிப்பாட்டினாள்.

அடுத்த மாதம் தேர்தல். தண்ணீர் கேட்டு ஒரு மனுகூட வராத தெரு என்று கல்லுடைப்பார் தெருவை அதிபர் மேடையில் பாராட்டினார். அவருக்கு எதிராக ஓட்டுப் போடுவது ஒன்றுதான் செம்பாயியால் ஆகக்கூடியதாக இருந்தது. சாவடி திறக்குமுன்பே போய் முதல் ஆளாக நின்றாள்.

அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார். "தாங்கள் கோடையிலேயே காலமாகிவிட்டீர்கள், அம்மா. தங்கள் ஓட்டும் பதிவாகிவிட்டது."

"செத்தவ எப்படிங்க ஓட்டுப் போடுவா?"

"தங்கள் தெருவில் எல்லோருமே போட்டிருக்கிறார்கள்."



"நான் யாருக்குங்க போட்டேன்?"

"தண்ணீர் கொடுத்தவருக்குத்தான்" என்றார் அதிகாரி.