தாரிகாவின் வீடியோவை அழித்துவிடு

கொழும்புத்துறை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்புத் தங்கச்சி றொசாந்திக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் மானத்தைத் தவிர. உன் வீட்டுக்காரருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் நடத்தையைக் கணினிக்குப் பழக்குகிறோம், தாரிகாவின் வீடியோ வேண்டும், ஒரு கிழமைக்கு ஹோலில் போனை வைத்துவிட்டு வழமைபோல் இருங்கள் என்று எழுதினாய். கமராவுக்கு முன்னால் வழமைபோல் இருக்கிற குடும்பம் யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது, சொல்லு பிள்ளை? உன் அண்ணி நிஷானி மகளுக்கு நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த சட்டையைப் போட்டுப் பவுடர் பூசி, எனக்கும் நீளக் காற்சட்டை எடுத்துத் தந்து, மேசையில் கேக்கும் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் செல்வநாயகி மாமி "என்ன, பிள்ளைக்குப் பிறந்தநாளோ?" என்று வந்தவர், கதிரையில் நிமிர்ந்து இருந்து ஒரு மணித்தியாலமாகக் கமராவையே பார்த்தார்.

"சும்மா இருங்கோ, இது சோதினை இல்லை" என்று நிஷானி எனக்குச் சொன்னாள்தான். யாரோ புள்ளி போடுகிறார்கள் என்று தெரிந்தபின் என்னால் சும்மா இருக்க முடியுமா? தாரிகா கைகளை உதறத் தொடங்கினால், உடனே எழும்பி அவளுக்கும் போனுக்கும் நடுவில் போய் நிற்பேன். ஜன்னல் கொக்கியைப் போடுவேன், கலண்டரில் திகதி பார்ப்பேன், இல்லாத நுளம்பை அடிப்பேன். ஒரு கிழமையில் நாற்பது தடவையாவது போயிருப்பேன். நேற்று உன்னோடு வேலை செய்கிற பெண் எழுதியிருக்கிறார்: கணினி பிள்ளையை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப ஒரே பாதையில் நடக்கும் ஒரு பெரியவரைத்தான் கவனிக்கிறதாம்.

வெட்கம் ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. ஆறு வயதுப் பிள்ளையை ஒரு மெசின் பார்த்து இவள் இப்படித்தான் என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அவளை யார் நேராகப் பார்ப்பார்கள்? ஆகவே அனுப்பியது முழுவதையும் அழித்துவிடு. இந்த ஆராய்ச்சிக்கு நாங்கள் வரவில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு போ.

உன் அண்ணை,
றொபின்

பி.கு: அழிக்காதே! எழுதி முடித்துவிட்டு என் போனில் கிடந்ததைப் போட்டுப் பார்த்தேன். நான் குறுக்கே வந்து நிற்கிற ஒவ்வொரு முறையும் தாரிகா என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறாள். நான் திரும்பிப் போய் இருந்ததும், கடைக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கையை உதறுகிறாள். "உங்களுக்கு விளங்கேல்லையே? அவள் உங்களை விளையாடக் கூப்பிடுறாள்" என்று நிஷானி அழுதுகொண்டே சிரித்தாள். யாரோடும் விளையாட வராத பிள்ளை ஒரு கிழமையாக என்னோடு விளையாடியிருக்கிறாள். நான்தான் அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தா, கையை உதறுகிறாள். கமராவும் ஓடவில்லை. வாறன்.