ஸ்கேல் வைத்துப் போட்ட பங்கு எல்லை

கோவிலுக்கு வருகிறவர்களில் பலவகை உண்டு. முதல் பெஞ்சுக்காரர்கள், கடைசிப் பெஞ்சுக்காரர்கள், பிரசங்கம் முடிந்ததும் உள்ளே வந்து பிரசங்கம் நன்றாக இருந்தது என்பவர்கள். நான் சொல்லவந்தது எந்தப் பெஞ்சிலும் உட்காராத ஒரு வகையை. பூசை முழுவதும் பக்கவாட்டுக் கதவோரம் நின்றுகொண்டு, யார் வந்தார், யார் வரவில்லை, பாடகர் குழு மூன்றாம் சரணத்தை ஏன் விழுங்கியது என்று நோட்டம் விட்டுக்கொண்டே, வாய் மட்டும் தவறாமல் ஆமென் சொல்லும் மனிதர். அவர்தான் பங்குப் பேரவைச் செயலாளர்.

படிநிலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவருடைய உயரம் உங்களுக்குப் பிடிபடாது. நான்கைந்து தெருக்கள் சேர்ந்தால் ஓர் அன்பியம். பல அன்பியங்கள் சேர்ந்தால் ஒரு பங்கு. அதற்கு ஒரு கோவில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பங்குத்தந்தை. பல பங்குகள் சேர்ந்தால் மறைமாவட்டம், அதற்கு ஆயர். இதில் செயலாளர் எங்கே வருகிறார்? எல்லாவற்றுக்கும் குறுக்கே. ஆயர்கள் மாறுவார்கள், பங்குத்தந்தையர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுவார்கள், நம்மவர் மட்டும் பத்தொன்பது வருடமாக அதே நாற்காலியில். புதுச் சாமி வந்து இறங்கிய அன்றே பீரோச் சாவியைக் காட்டிவிடுவார். கொடுக்கமாட்டார்.

அவர் வாயில் எப்போதும் ஒரே வார்த்தைதான்: “முறைப்படி வரட்டும்.” பாடகர் குழுவுக்கு மைக் வேண்டுமா? முறைப்படி வரட்டும். பூசைச் சாமான் அறையில் எலி செத்து நாறுகிறதா? முதலில் அன்பியப் பொறுப்பாளர் கடிதம் தரட்டும், பிறகு பேரவையில் வைக்கலாம், பிறகு மூன்று பேர் கொண்ட உட்குழு போடலாம். உட்குழு கூடுவதற்குள் எலி தானே காய்ந்துபோய்ப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது. ஊரில் அவருடைய பெயரே மறந்துபோய், முறைப்படியார் என்று ஆகிவிட்டது. அதைப் பட்டமாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

ஐந்து வருடத்துக்கு முன் பங்கு பெருத்துப்போய் இரண்டாகப் பிரிந்தபோது, எல்லை வரைந்து அனுப்பச் சொல்லி ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. முறைப்படியார் மூன்று நாள் சாப்பாட்டு மேசையை யாருக்கும் விடவில்லை. தன் வீடு இருக்கும் தெருவையே எல்லையாக வைத்தார். தெருவுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். வரைபடம் ஆயரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பீரோவுக்குள் போனது. அதற்குப் பிறகு அதை விரித்துப் பார்க்கவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

வந்தது இந்த வருடம்தான். பள்ளிக்கூடத்துச் சிஸ்டர், முதல் நற்கருணை, அதாவது பூசையில் முதன்முதலாகத் திருஅப்பம், வாங்கப்போகும் பிள்ளைகளின் பட்டியலைக் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார். பதின்மூன்று சிறுமிகள். முறைப்படியார் சிவப்புப் பேனாவால் பதின்மூன்றாவது பெயரை அடித்தார். அது அவருடைய எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மகள். ஒன்றரை வருடம் இந்தக் கோவிலில் மறைக்கல்வி படித்த பிள்ளை. பன்னிரண்டு தோழிகளுக்கும் வெள்ளைக் கவுன் தைத்தது அவள் அம்மாதான். மகளுடையதையும் தைத்து, பட்டன் மட்டும் பாக்கி வைத்து மாட்டியிருந்தாள்.

தையல்காரம்மா பட்டியலோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

“ஐயா, பிள்ளை பேரை அடிச்சிருக்கீங்க.”

“நான் எங்கம்மா அடிச்சேன்? எல்லை அடிச்சிருக்கு. நீங்க அந்தப் பங்கு.”

“அங்க போய்க் கேட்டேங்க. அங்க ஒரு வருஷம் புதுசா படிச்சாத்தான் தருவாங்களாம்.”

“சரியாத்தான சொல்லியிருக்காங்க. அது அவங்க முறை.”

“இவ கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் வரிசையா போறப்ப, இவ மட்டும் பெஞ்சுல உக்காந்து பாக்கணுமா?”

முறைப்படியாருக்கு மனம் இளகாமல் இல்லை. இளகிய மனத்தையும் முறைப்படி வரச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்மணி அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். அவள் அழவில்லை, நேராகப் பங்குத்தந்தையிடம் போனாள். வந்து ஆறு மாதமே ஆன சின்ன வயதுச் சாமி அவர். “அந்த வரைபடத்தை நானும் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்.

மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். சுருண்டுகொள்ளாமல் ஒரு மூலையில் ஸ்டேப்ளர், ஒரு மூலையில் ஞானஸ்நானப் பதிவேடு, மற்ற இரண்டிலும் சாமியின் இரண்டு கைகள். முறைப்படியார் பெருமையாக விரலை ஓட்டினார். தலைமுறைக்கு நிற்கும் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். துணியில் சாக்குக்கட்டிக் கோட்டைப் பார்த்துப் பழகிய கண் அது.

“ஐயா, நம்ம தெரு நடுவுல வளையுதுல்ல?”

“வளையும்.”

“உங்க கோடு வளையலையே.”

வளையவில்லைதான். எல்லை என்றால் நேராக இருக்கவேண்டும் என்ற கொள்கையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே இழுப்பாக இழுத்திருந்தார். வளைவில் தெரு கோட்டைவிட்டு விலகி அந்தப் பக்கம் போயிருந்தது. போகும்போது வளைவிலிருந்த சில வீடுகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

“இந்த வீடு யாரோடது?” என்றார் சாமி.

முறைப்படியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். வீடு நகரவில்லை. “என்னோடதுதான் சாமி.”

“எந்தப் பங்குல இருக்கு?”

முறைப்படியார் விரலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார். பேரவையில் இருப்பவர் பங்கின் எல்லைக்குள் குடியிருக்கவேண்டும் என்பது விதி; எழுதியவர் யாரென்று கேட்காதீர்கள். பத்தொன்பது வருட நாற்காலி, பீரோச் சாவி, கதவோரத்து இடம் எல்லாமே ஒரு பென்சில் கோட்டுக்கு வெளியே போய் நின்றன.

“சாமி,” என்றார் கடைசியில், “கோடுங்கறது என்ன, ஒரு அடையாளம். நாம சட்டமா பாக்காம மேய்ப்புப் பணி நோக்கத்துல பாக்கணும்.”

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. உடனே மேசை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்தார். அழித்தார். தன் வீட்டு வாசல்படியைச் சுற்றி, ஒரு மயிரிழை கூடுதலாகப் போய்விடாமல், அழகாக வளைத்து வரைந்தார்.

தையல்காரம்மா தலையை ஆட்டினாள். “இவ்வளவு ஒட்டி வெட்டக் கூடாதுங்கய்யா. தையலுக்கு இடம் விடணும். ஒரு இஞ்சு தள்ளி வரைங்க.”

வரைபடத்தில் ஓர் இஞ்சு என்றால் தெருவைத் தாண்டி எதிர்வீட்டின் கொல்லைப்புறம் வரைக்கும். முறைப்படியார் சாமியைப் பார்த்தார். சாமி சாதுவாகச் சொன்னார்: “வேணும்னா ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டுரலாம். முறைப்படி.”

ஓர் இஞ்சு தள்ளி வரைந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று சிறுமிகளும் வரிசையாகப் போனார்கள். கடைசிச் சிறுமியின் கவுனில் எல்லாப் பட்டனும் இருந்தது. அவள் கை கூப்பித் திரும்பி வந்த முகத்தைப் பார்த்து முறைப்படியாரே ஒரு நொடி நோட்டம் விட மறந்தார். எல்லைகள் மக்களுக்காகத்தான் என்று அன்றைக்குப் பேரவையில் பேசி, கைதட்டலும் வாங்கினார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, புது எல்லைக்கு அடுத்த வீட்டுக்காரர் தன் மகனின் பெயரை வரும் வருடப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். முறைப்படியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம். முறைப்படி வாங்க.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை உங்கள் வீட்டை உள்ளே சேர்த்துக் கோடு போட்டுக்கொண்டீர்களே, அதற்குப் பிறகு ரப்பரை எங்கே ஒளித்துவைத்தீர்கள்?